ஒட்டகத்துக்குள் இருவர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் இறங்கியிருக்கிறேன். நோவாவின் பேழைக் கதையை விலங்குகளே ஆடிப் பாடிச் சொல்லும் நிகழ்ச்சி தொடங்கப்போகிறது. மேடைக்குப் பின்னால், துணி ஒட்டகத்தின் பின்பாதியை இடுப்புவரை மாட்டிக்கொண்டு ஒரு பெண் தண்ணீர் குடிக்கிறாள். மேல்பட்டாம்பாக்கத்து ஸ்டெல்லா.

"முன்கால் யாரும்மா?" என்று கேட்கிறேன்.

"எங்க வூட்டுக்காரருதாங்க்கா ஆடிக்கினு இருந்தாரு. போன வருஷம் துபாய் போயிட்டாரு. இப்ப வேற ஒரு பொண்ணு ஆடுது."

"உள்ளே இருட்டா இருக்காதா?"

"இருட்டுதான். அவுரு இடுப்பப் புடிச்சிக்கினு நடப்பேன். உள்ளயே எதுனா சொல்லிச் சிரிக்க வெப்பாரு. பாட்டு சத்தத்துல வெளிய யாருக்கும் கேக்காது."

தண்ணீர் பாட்டிலை மூடி வைக்கிறாள். பிறகு அவளாகவே சொல்கிறாள்.

"அங்க நெஜ ஒட்டகத்தப் பாத்தாராம். அது ஒரு பக்கத்துக் காலு ரெண்டையும் ஒண்ணா எடுத்து வெக்குதாம். இத்தினி நாளா நாம தப்பா நடந்துட்டோம் ஸ்டெல்லான்னு போன்ல ஒரே சிரிப்பு."

"அப்போ இப்ப சரியா நடக்கறீங்களா?"

"இல்லக்கா. இந்தப் பொண்ணுகிட்ட நான் அதச் சொல்லல. அவுரு வரட்டும், ரெண்டு பேருமா நடைய மாத்திக்கிறோம்."

ஒலிபெருக்கியில் மழைப் பாட்டு ஆரம்பிக்கிறது. முன்கால் பெண் ஓடி வருகிறாள். ஸ்டெல்லா குனிந்து, அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். யாரோ மேலே துணியை இழுத்து மூடுகிறார்கள்.

ஒட்டகம் தன் தப்பான நடையோடு பேழையை நோக்கிப் போகிறது. குழந்தைகள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.