பாப்பாத்தி காட்டாத புண்

வடக்கனந்தல் காலனியில் தைலம்மாளுக்குப் பிறந்த முதல் பிள்ளை வெள்ளைவெளேர் என்று இருந்தது. தலைமயிர் வைக்கோல் நிறம். இமையும் அப்படியே. ஊரில் என்னென்னவோ பேசினார்கள். தகப்பன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் பாப்பாத்தி என்று பெயர் வைத்தான். சில வருடம் கழித்து முனியன் பிறந்தான். அவனும் அதே வெள்ளை. அதன் பிறகு தகப்பனுக்குத் தாங்கவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான்.

அக்கா தம்பி இருவருக்கும் வெளிச்சம் ஆகாது. கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தாலும் கரும்பலகையில் எழுதியது தெரியாது. படிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று வாத்தியார் அடித்தார். இருவரும் நின்றுவிட்டார்கள். படிப்பில்லாதவர்களுக்கு அந்தப் பக்கத்தில் இருந்ததெல்லாம் காட்டு வேலைதான். அது முழுக்க வெயிலில் இருந்தது.

வெயில் அவர்களை மற்றவர்களைப் போலக் கறுக்க வைக்கவில்லை. சுட்டது. பங்குனி பிறந்தால் மூக்கும் கன்னமும் கொப்புளித்து, தோல் உரிந்து, அதன்மேல் மறுபடியும் சுடும். பாப்பாத்தி தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை. தலையிலிருந்து காதையும் கழுத்தையும் மூடி இறுக்கிக் கட்டிய துண்டு. கரும்பில் சோகை என்கிற காய்ந்த தோகையை உரிக்கும் வேலை வந்தால் முதல் ஆளாகப் போவாள். சோகை கையைக் கிழிக்கும் என்று மற்றப் பெண்கள் தயங்குவார்கள். அவளுக்குக் கரும்புக்கு உள்ளே இருக்கும் நிழல் போதும்.

முனியன் எதையும் போட்டுக்கொள்ள மாட்டான்.

"பொம்பள மாதிரி முக்காடு போட்டுக்கினு போவச் சொல்றியா? ஏற்கெனவே சிரிக்கிறானுங்க" என்பான்.

தைலம்மாள் காய்ச்சலில் செத்துப்போன பிறகு வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். பாப்பாத்தியைப் பெண் கேட்டு ஒருமுறை தியாகதுருகம் பக்கமிருந்து வந்தார்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

முனியனுக்குக் கீழுதட்டில் ஒரு புண் வந்தது. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைப் போட்டால் பொருக்குத் தட்டும். பத்து நாளில் மறுபடியும் வெடித்து ரத்தம் கசியும். காரம் சாப்பிட முடியவில்லை. அந்த வருடம் மாசி மகத்துக்குக் காலனி ஆட்கள் வேன் பிடித்துக் கடலூர் கடற்கரைக்குக் குளிக்கப் போனபோது அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். கடல் தண்ணீர் பட்டால் புண் ஆறும் என்று பக்கத்து வீட்டு ரங்கம்மாள் சொல்லியிருந்தாள்.

கரையில் சாமிகளும் மேளமும் கூட்டமுமாக இருந்தது. ஓரமாக ஒரு பந்தல். மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர்கள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறாத புண், நிறம் மாறிய மச்சம், தடித்துப்போன தோல், எது இருந்தாலும் காட்டிவிட்டுப் போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பாப்பாத்தி தம்பியின் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தாள். இளவயது டாக்டரம்மா ஒருவர் அவன் உதட்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். விரலால் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது சாதாரணப் புண் இல்லம்மா. புற்றுநோயோட ஆரம்பம் மாதிரி இருக்கு. பயப்படாதீங்க, சின்னதாத்தான் இருக்கு. இப்பவே எடுத்துட்டா சரியாயிடும்."

"வெட்டினா பரவும்ன்றாங்களேங்க?"

"விட்டாத்தான் பரவும். உங்க ரெண்டு பேருக்கும் தோலுக்கு நிறம் கொடுக்கிற சத்து பிறவியிலேயே இல்ல. வெயில் நேரா உள்ள இறங்கிடும். காலைல பத்து மணிக்கு மேல சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வெளிய போகவே கூடாது."

"அந்த நேரம்தாங்க வேலையே."

டாக்டரம்மா அவள் தலைக்கட்டை உற்றுப் பார்த்தார். பிறகு, "நீங்களும் துண்டை எடுங்க. காது, கழுத்து எல்லாம் பார்க்கணும்" என்றார்.

பந்தலைச் சுற்றி ஊர் ஆண்கள் வந்து நின்றிருந்தார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பாப்பாத்தியின் இடது காதுக்குப் பின்னால் ஒரு புண் இருந்தது. சாயங்காலம் துண்டை அவிழ்க்கும்போது அதில் ஒட்டிக்கொண்டு வரும். தண்ணீர் தெளித்து மெதுவாகப் பிரிப்பாள். சோகை அறுத்த காயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் எப்பவும் மூடிக்கினுதான் போறேன்."

"தனியா உள்ள வந்து காட்டுறீங்களா?"

"இவனப் பாருங்க. அது போதும்."

பின்னால் வரிசை நெருக்கியது. டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முனியனை அவள் விடாப்பிடியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சதையெடுத்துப் பார்த்தார்கள். சந்தேகப்பட்டதுதான். உதட்டில் ஒரு துண்டை வெட்டித் தைத்தார்கள். வாய் கொஞ்சம் கோணிக்கொண்டதே தவிர நோய் போய்விட்டது. வார்டில் அவன் பக்கத்தில் தரையில் படுத்திருந்த நாட்களில் அவள் நினைத்திருந்தால் எந்த டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தானும் படுத்துவிட்டால் இவனுக்குக் கஞ்சி யார் ஊற்றுவது என்று நினைத்தாள். இவன் எழுந்து நடக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். அவன் நடந்தான். அப்போது கரும்பு வெட்டு வந்துவிட்டது.

கண்டுபிடித்தது ரங்கம்மாள்தான். மதியச் சோற்றுக்கு வரப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாடி நாத்தம் இது?" என்று துண்டை ஒதுக்கியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். காதின் பின்பாதி அரித்துப்போயிருந்தது. கழுத்தில் நெல்லிக்காய் போலக் கட்டி.

அன்றைக்கு முனியன் வீட்டுக்குள் அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"எப்பலருந்துக்கா?"

"உனுக்கு முன்னாலருந்தே."

"அந்த டாக்டரம்மா அத்தினி தபா கேட்டாங்களே!"

"ஊரே நின்னு பாத்துக்கினு இருந்திச்சிடா. பொறந்ததுலருந்து எல்லாரும் என்னைப் பாத்துக்கினேதான் இருக்காங்க. அன்னிக்கு ஒரு நாளு வேணாம்னு தோணிச்சு."

முனியன் அழுதான். அவள் அழவில்லை.

காதை முழுதாக எடுத்தார்கள். கழுத்துக் கட்டிகளையும் எடுத்தார்கள். கரண்டு என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள். வெந்துபோன கழுத்தோடு படுத்திருந்தாள். விழுங்க முடியவில்லை. ஒரு டாக்டர் முனியனை வெளியே கூப்பிட்டு, ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கடைசியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், முனியன் டீ வாங்கிவரப் போயிருந்த நேரத்தில் அவள் போய்விட்டாள். ரங்கம்மாள் மட்டும் பக்கத்தில் இருந்தாள். ஏதாவது சொன்னாளா என்று அவன் கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை என்றாள்.

அதற்குப் பிறகு அவனை நிழலில் வைத்து வேலை தர யாரும் இல்லை. மரவள்ளி மில்லில் கேட்டுப் பார்த்தான். கண் தெரியாதவனை இயந்திரத்துக்குப் பக்கத்தில் விட முடியாது என்றார்கள். மக்காச்சோளம் ஒடிக்கிற ஆட்களோடு போனான். முழுக்கைச் சட்டை ஒன்றை ரங்கம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டான், போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்து, செக்கப்புக்கு வரவில்லையே என்று கேட்டாள். வருகிறேன் என்றான். போகவில்லை.

சித்திரையில் ஒருநாள் வேலைக்காட்டு வரப்பில் அவன் முன்கையில் சிவந்து சொரசொரப்பாக ஒரு தடிப்பு இருப்பதை ரங்கம்மாள் பார்த்தாள்.

"டேய், இது அதேதான்டா. போய்க் காட்டு. உங்கக்கா உனுக்காவ எம்மாந்தூரம் அலஞ்சா."

"போவலாம்."

"எப்போ?"

"இன்னா அவசரம்? நான் போனா கூட வர ஆரு இருக்கா?"

"நான் வரேன்டா."

அவன் அதற்கும் தலையாட்டினான். ஆட்களை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி கூப்பிட்டார். மணி பன்னிரண்டு இருக்கும். வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, தட்டுத்தடுமாறி, முனியன் சோளக்காட்டுக்குள் இறங்கினான்.