கஸ்தூரி வைத்த பொட்டு

போன வாரம் தேனாம்பேட்டையில் ஒரு ஜெர்மன் ஓவியரைப் பற்றிய ஆவணப்படம் போட்டார்கள். ஆள் செத்துச் சில வருடம் ஆகிறது. உருவமில்லாத ஓவியங்களைப் பெரிய பெரிய சுவர்களில் வரைந்தவர். அடையாற்று ஓரத்தில் அவர் வரைந்த சுவரும் படத்தில் வந்தது. ஆரஞ்சு வட்டத்தின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. ‘அவர் வைத்ததிலேயே துணிச்சலான புள்ளி’ என்று ஒரு விமர்சகர் உருகினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது கஸ்தூரி வைத்த குங்குமம் ஐயா!

அப்போது நான் பெயிண்ட் அடிக்கிற கூலிக்காரன். அவருக்குச் சாரம் கட்டினேன். இன்றைக்கும் எனாமல் வாடை அடித்தால் அவருடைய மூக்குதான் ஞாபகம் வரும். வெயிலில் வெந்து, தக்காளித் தோல் மாதிரி உரிந்துகொண்டே இருக்கும். என் மூக்கு மட்டும் பெரிய அழகா என்ன!

எதிரே இட்லிக்கடை போட்டிருந்த கஸ்தூரி தினமும் கேட்பாள்.

“இது இன்னா சார்?”

அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை, “சும்மா.”

“சும்மாவுக்கா இத்தினி பெயிண்டு?”

சாமி படம் இல்லாத சுவர் நம் ஆட்களுக்குக் கழிப்பிடம். பாதி வேலையிலேயே அடிப்பகுதி நாறியது. சாமி டைல்ஸ் பதித்துவிடலாம், நாளைக்கே வாங்கி வருகிறேன் என்றார் சுவருக்குச் சொந்தமான காலனியின் செயலாளர். ஓவியர் முகம் செத்துப்போயிற்று. உருவம் வந்தால் அது என் சுவர் இல்லை, அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றார் இங்கிலீஷில்.

மறுநாள் காலை வட்டத்தின் நடுவில் குங்குமம், கீழே கற்பூரம். அவர் ஈரத்துணியோடு ஓடினார். துடைக்குமுன் கஸ்தூரியைப் பார்த்து, சாமியா என்பதுபோல், “காட்?” என்று கேட்டார்.

சட்டினிக் கரண்டியோடு திரும்பிய கஸ்தூரி, “சும்மா” என்றாள்.

அவர் சிரித்த சிரிப்பில் சாரமே ஆடியது. டைல்ஸோடு வந்த செயலாளர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

சுவர் முடிந்தது, அவரும் ஊருக்குப் போனார். வெள்ளிக்கிழமைதோறும் கஸ்தூரி பொட்டைப் புதுப்பித்தாள். எவனாவது ஒதுங்கினால், “டேய், கண்ணு அவிஞ்சிபூட்ச்சா?” என்று கரண்டியோடு பாய்வாள்.

பிறகு, ஆற்றைச் சுத்தம் செய்கிறோமென்று அவளையும் அந்தத் தெருவையும் ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டார்கள். ஒரே மழையில் பொட்டு கரைந்தது. நாற்றம் திரும்பி வந்தது. தாங்க முடியாமல் காலனிக்காரர்களே சுவரை இடித்துவிட்டார்கள்.

படம் முடிந்ததும் நேரே அங்கே போனேன். சுவர் இருந்த இடத்தில் தகரம் அடித்திருந்தார்கள். ஒருத்தன் அதன்மேல் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். “டேய்!” என்று கத்தினேன்.

நிதானமாகத் திரும்பிப் பார்த்தான்.

“இன்னா மாமா கத்துற? இங்க இன்னா கீது?”