ஆரோக்கியமேரி வீட்டுச் சைகை

கவரைப்பேட்டை அங்கன்வாடியில் பதினாறு வருடமாக நான்தான் டீச்சர். பேச்சு தாமதமான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பேச்சை நிறுத்தவே தெரியாத பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆரோக்கியமேரியின் மகள் பிரின்சி என்னை நன்றாகவே ஏமாற்றிவிட்டாள்.

முதலில் மேரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பாக்கம் பக்கம் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். பிளஸ் டூ முடித்த கையோடு கும்மிடிப்பூண்டியில் தகடு அழுத்தும் கம்பெனி ஒன்றுக்கு ஹெல்பராகப் போனாள். மெஷின் ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டு, நாலாவது வருடம் பெரிய பிரஸ் மெஷினுக்கு ஆபரேட்டர் ஆகிவிட்டாள். அந்த ஷெட்டில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஆபரேட்டர் ஆனதில்லை. அங்கே தகடு தூக்கித் தரும் ஜெபாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். காதல் முழுக்கக் கையாலேயே நடந்தது என்பாள். மெஷின் இரைச்சலில் கத்தினாலும் காதில் விழாது, அதனால் எல்லாருக்கும் சைகைதான்.

பிரின்சிக்கு மூன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. காதைச் சோதித்தார்கள், ஒரு கோளாறும் இல்லை. உடனே பழி மேரியின் தலையில் விழுந்தது. பெற்றவள் வேலைக்குப் போனால் பிள்ளை எப்படிப் பேசும் என்று, ஊரிலிருந்து எப்போதாவது வந்துபோகும் மாமியார் ஆரம்பித்தார், ஜெபா ஒத்து ஊதினான். "கிறிஸ்துமஸுக்குள்ள புள்ள பேசலைன்னா வேலைய உட்டுட்டு ஊட்ல இரு" என்று ஜூலையிலேயே சொல்லிவிட்டான். மேரி வேறு வழியில்லாமல் தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே கம்பெனிக்குப் போகிற அப்பன்மேல் மட்டும் எந்தப் பழியும் விழாது.

நான் மட்டும் யோக்கியமா? பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே 'புரிதல் குறைவு' என்று எழுதியவள் நான்தான்.

ஆகஸ்டில் ஒருநாள் பிள்ளையைக் கூட்டிப்போக மேரி அரை மணி தாமதமாக வந்தாள். பிரின்சி மணிக்கட்டைத் தட்டி, உள்ளங்கையை விரித்தாள். மேரி ஒரு முஷ்டிமேல் இன்னொரு முஷ்டியை வைத்துக் காட்டினாள். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, சட்டைக் காலரைத் தொட்டு விரலை ஆட்டியது.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"கம்பெனி சைகை டீச்சர். ஏன் லேட்டுன்னு கேட்டா. தகடு சிக்கிக்கிச்சின்னேன். அதான் சூப்பர்வைசரு திட்னாரான்னு கேக்கறா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தகடு சிக்கினால் வேலை நிற்கும், வேலை நின்றால் திட்டு விழும் என்று யோசிக்கிற பிள்ளைக்கா அப்படி எழுதினேன்?

"ஊட்லயும் இப்டித்தானா?"

"பழகிப்போச்சி டீச்சர். ஷிப்டு முடிஞ்சி வந்தா ரெண்டு பேருக்கும் வாயத் தொறக்கவே தோணாது."

பிள்ளைக்கு யோசனை நிறைய இருந்தது, வார்த்தையைத்தான் யாரும் கொடுக்கவில்லை. கண்முன்னே நடப்பதைக் கம்பெனி சைகையில் சொல்லிவிடலாம். நாளைக்கு நடக்கப்போவதையும், நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதில் எப்படிச் சொல்வது? "சைகைய நிறுத்தாத. கை காட்டறப்பல்லாம் அதையே வாயாலயும் சொல்லு" என்றேன்.

மேரி மெஷினைக் கற்றுக்கொண்ட அதே வெறியோடு இதைப் பிடித்துக்கொண்டாள். அரிசியை ஏன் களைகிறாள், துணியை ஏன் வெயிலில் போடுகிறாள் என்று ஓயாமல் சொன்னாள். அலுத்து வந்த நாளிலும் விடவில்லை. "ஊட்ல ரேடியோ வெச்சாப்ல கீது, ஒரே பேஜாரு" என்று ஜெபா புலம்பினான். செப்டம்பரில் 'தண்ணி' வந்தது. நவம்பரில் வார்த்தைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வந்தன, அதோடு நின்றுவிட்டது. மாமியாருக்கு அதெல்லாம் பேச்சில் சேர்த்தியே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. டிசம்பர் பதினெட்டாம் தேதியே புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூன்று பேரும் வந்தார்கள். "நாளைலேர்ந்து புள்ள வராது டீச்சர். இவ வேலைய உட்டுட்றா" என்றான் ஜெபா. மேரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரின்சி அப்பனை அண்ணாந்து பார்த்தாள். கை பாதி எழும்பி, கீழே இறங்கியது.

"அம்மா போவலன்னா மெஷினு யாரு ஓட்டுவா?" என்றாள்.

பிள்ளை கொஞ்சம் யோசித்து, பதிலையும் தானே சொன்னது.

"நீ ஓட்ட மாட்ட. ஒனக்குத் தெரியாது. நீ தகடு தூக்குவ."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேரி பிள்ளையை அள்ளிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக அதன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்தப் பதினாறு வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

ஜெபா செருப்பை மாட்டினான், கழற்றினான், மறுபடியும் மாட்டினான். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"காலைல புள்ளய நானே கொண்டாந்து உடறேன் டீச்சர். அவளுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு."