விமலநாதன் கொடுத்த குளிசை

1987 கோடையில், கடல்கடந்த லாசால் நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் இரண்டு அறைகளில் ஆறு அகதிகள் குடியிருந்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் விமலநாதனுக்கு இன்றைக்கும் நெஞ்சு இளகும். குளிர்கோட்டு, சப்பாத்து, ஊர்க் கடிதம் எதுவும் அங்கே ஒருவருக்கென்று இருந்ததில்லை. வருத்தத்துக்கு விழுங்கும் குளிசைகூட அப்படித்தான்.

மூத்தவர் எமிலியானுஸ். மட்டக்களப்பில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். இங்கே விமலநாதனோடு சலவை ஆலையில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. டாக்டர் தனக்கு எழுதிக்கொடுத்த நோக்குளிசைப் போத்தலை விமலநாதன் நீட்டினான்.

"போடுங்கோ அண்ணை. உடம்பைச் சூடாக்கிற குளிசை, தண்ணியை நல்லாக் குடியுங்கோ."

அவர் நாள்தோறும் அப்படியே செய்தார். நாரிநோ விட்டது. இரண்டாம் வாரம் தலையிடியும், வாந்தி வருவதுபோல ஓங்காளமும் வந்தன; பேச்சும் தடுமாறியது. ஊரில் நடக்கும் யுத்தத்தை நினைத்து மனம் பேதலித்துவிட்டது என்று அறையில் முடிவுகட்டினார்கள்.

ஒருநாள் காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவர் எழும்பி, ஊர்ப் பஸ்ஸில் தட்டுவதுபோலக் கம்பியில் தட்டினார்.

"கல்லடி! ஆரையம்பதி! களுவாஞ்சிக்குடி இறங்குற ஆக்கள் முன்னுக்கு வாங்க!"

யாரோ சிரித்தார்கள். விமலநாதன் கையைப் பிடித்தபோது, "டிக்கட் எடுத்தாச்சா?" என்று அவனையே கேட்டார். அடுத்த தரிப்பில் இறக்கி, டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான்.

இரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, என்ன மருந்து எடுக்கிறார் என்று விசாரித்தாள். விமலநாதன் போத்தலைக் காட்டினான். இந்தக் குளிசை சிலருக்கு உடம்பில் தண்ணீரைத் தேக்கிவிடும், மேலே மேலே தண்ணீர் குடித்ததில் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மூளையைத் தாக்கியிருக்கிறது என்றாள். குளிசையை நிறுத்தி, தண்ணீரை அளந்து கொடுத்து, சேலைனை மெதுமெதுவாக ஏற்றினார்கள்.

நாலாம் நாள் தெளிந்துவிட்டார். விமலநாதன் கட்டிலருகே தலைகுனிந்து நின்றான்.

"என்னாலதான் அண்ணை..."

"விசர்க்கதை கதையாத. நான் நோவில கிடக்கக்குள்ள உன்னை விட்டா ஆரு மனே பார்த்த?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பஸ்ஸில என்னவாம் சொன்ன நான்?"

விமலநாதன் ஒன்றும் விடாமல் சொன்னான்.

"ஐயோ, கல்லடிக்கு அடுத்த காத்தான்குடியை விட்டுட்டனே!" அவர் சிரித்த சிரிப்பில் தாதி எட்டிப்பார்த்தாள்.

அடுத்த ஆண்டு அவருடைய மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புரோசார்ட்டுக்கு அவர் குடிபோனார். அவருடைய மெத்தையைக் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டு மேலே வந்த விமலநாதனுக்கு, நெருக்கியடித்துப் படுத்த அந்த அறை முதன்முறையாகப் பெரிதாகத் தெரிந்தது.