படம் வரைந்த மச்சினன்

ஜெயபாண்டி இருந்தவரை, கோவில்பட்டியில் பசுவந்தனை சாலையில் அவருடைய ஒர்க்‌ஷாப்பைத் தாண்டிப் போகிறவர்கள் யாரோ ஒரு ஆள் திட்டு வாங்குவதைக் கேட்காமல் போனதில்லை. திட்டு வாங்கும் ஆளை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அவன் பெயர் ஜெயபாண்டிக்கே தெரியாது. எங்கோ ஒரு பெரிய ஊரில், குளிர்ந்த அறையில் உட்கார்ந்து காருக்குப் படம் வரைந்தவன் அவன். ஜெயபாண்டி அவனை மச்சினன் என்று முறை வைத்திருந்தார். முறையில்லாதவனைத் திட்டினால் பாவம், மச்சினனைத் திட்டினால் கேலி என்பது அவருடைய கணக்கு.

"ஏலே மச்சினா, இந்தப் படத்தைப் போடும்போது ஒனக்குக் கையின்னு ஒண்ணு இருந்துச்சா, இல்ல பென்சிலு மட்டுந்தானா?"

பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் இப்படிக் கேட்டால், பின்பக்கத்து வீட்டில் அரிசி களைந்துகொண்டிருக்கும் முத்துச்செல்வியிடமிருந்து பதில் வரும்.

"எங்கூடப் பொறந்தவிய யாரும் காரு செய்யல. எங்க வீட்டாள இழுக்காதிய."

திட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு வண்டியில் ஆயில் ஃபில்டரைத் தலைக்கு மேலாகப் பக்கவாட்டில் வைத்திருப்பான். அதைக் கழற்றினால் பழைய ஆயில் முழங்கை வழியாக இறங்கி அக்குளில் வந்து நிற்கும். இன்னொரு வண்டியில் ஏசி ஃபில்டரை மாற்ற வேண்டுமானால், கால் இருக்கை மேலும் தலை பிரேக் மிதிக்குப் பக்கத்திலுமாகத் தலைகீழாகத் தொங்க வேண்டும். கரிசல்காட்டுப் புழுதியில் ஓடுகிற வண்டிக்கு அந்த ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று குளிர்ந்த அறையில் இருப்பவனுக்கு யார் சொல்வது? சாலையில் உளுந்தஞ்செடியைப் பரப்பி, போகிற வண்டிகளை அதன்மேல் ஏறவிட்டு அடித்தெடுக்கும் மாதங்களில் வருகிற கார்களோ, அடிவயிற்றில் பாதிக் களத்தைச் சுருட்டிக்கொண்டு வரும். மழை பெய்த பிறகு விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வருகிற வண்டியைத் தூக்கிப் பார்த்தால், எஞ்சினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் கரிமண் நிறைந்து காய்ந்து செங்கல்லாகியிருக்கும். அதைத் தட்டி எடுத்துத்தான் முத்துச்செல்வி வாசலில் செவ்வந்தி வைத்திருந்தாள். "மச்சினன் குடுத்த சீரு" என்று அந்தத் தொட்டியைக் காட்டுவார் ஜெயபாண்டி.

இப்படி வாயால் தீர்த்துக்கொண்டே இருந்ததால் அவர் எந்த வண்டிக்காரரிடமும் முகம் சுளித்ததில்லை. கோபமெல்லாம் கண்காணாத மச்சினனோடு சரி. அந்த மச்சினன் ஒரே ஒருமுறைதான் அவரை வசமாகப் பிடித்துக்கொண்டான். அது பங்குனி மாதம், காளியம்மன் கோயில் கொடைத் திருவிழாவன்று.

அந்த வருடம் ஜெயபாண்டி அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். எட்டு நாளுக்கு முன்பே பூசாரி சோலைச்சாமி அவருடைய வலது மணிக்கட்டில் காப்புக் கட்டிவிட்டார். மஞ்சள் நனைத்த கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு. காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, கறி மீன் தொடக்கூடாது, பாயில் படுக்கக்கூடாது. சட்டி எடுத்து இறக்கிய பிறகு பூசாரிதான் அவிழ்க்க வேண்டும். நடுவில் அறுந்துபோனால் அந்த வருடம் சட்டி தூக்க முடியாது. நேர்த்தி நின்றுபோகும்.

"யாருக்காக நேந்திய?" என்று முத்துச்செல்வி காப்புக் கட்டிய அன்றே கேட்டாள்.

"பொதுவா நேந்தேன்."

"பொதுவான்னா?"

"பொதுவான்னா பொதுவாதான். ஊரு நல்லா இருக்கணும், மழை பெய்யணும்."

ஊர் மழைக்கெல்லாம் தீச்சட்டி தூக்குகிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் விட்டுவிட்டாள்.

கொடையன்று மதியம் தேவஆசீர்வாதம் வந்தார். விளாத்திகுளத்தில் வத்தல் வியாபாரம் செய்கிறவர், வீடு கோவில்பட்டியில். வாங்கி ஒரு வருடமே ஆன கார், இடது முன்விளக்கு எரியவில்லை. அவருடைய மனைவி சந்தனமேரி, கோவில்பட்டியில் நிற்காத சாயங்கால ரயிலில் மணியாச்சியில் வந்து இறங்குகிறாள். திரும்பும்போது இருட்டிவிடும். அந்த வழியில் விளக்கில்லாத டிராக்டர்கள் நடுரோட்டில் நிற்கும்.

"காப்புக் கட்டியிருக்கீங்க போல. வேற எங்கனயாவது பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

"இன்னைக்கு எவன் கடை தொறந்திருப்பான்? பல்பு மாத்துறதெல்லாம் ஒரு வேலையா? ரெண்டு நிமிசம்."

முத்துச்செல்வி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "காப்போட வேலைக்குக் கை வைக்காதியன்னு சொன்னேன்."

"இது வேலையில்லட்டி. ஒத்தாசை."

வாழ்நாளெல்லாம் இந்தக் கார்களில் இரண்டு நிமிட வேலை என்று ஒன்று கிடையாது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அன்றைக்கு மட்டும் அதை மறந்துவிட்டார்.

பானட்டைத் திறந்தார். இடது விளக்கின் முதுகுக்கு நேர் பின்னால், ஒட்டி உரசிக்கொண்டு, ஃப்யூஸ் பெட்டி உட்கார்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கை போகிற சந்து, அதுவும் ஒல்லியான கை. பெட்டியை நகர்த்தலாம் என்றால் அதன் போல்ட்டு அடியில், சக்கரத்துக்கு மேலே ஒளிந்திருந்தது. கம்பெனி முறைப்படி பார்த்தால், இந்த ஒரு பல்பை மாற்ற முன்னால் இருக்கும் பம்பர் முழுவதையும் கழற்ற வேண்டும்.

"வா மச்சினா" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டார். கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரல்தான் பார்க்க வேண்டும். ரப்பர் மூடியைக் கழற்றினார். பல்பைப் பிடித்திருக்கும் கம்பியை விரலால் நெம்பினார். கம்பி துள்ளி விலகியது. பல்பு கழன்று விரலுக்கு வந்தது. கை மட்டும் வெளியே வரவில்லை.

மறுபடி இழுத்தார். மணிக்கட்டில் ஏதோ வெட்டியது. காப்பில் தொங்கிய மஞ்சள் துண்டு அந்தக் கம்பியின் வளைவுக்குள் நுழைந்து, சட்டைப் பித்தான் மாதிரி குறுக்கே நின்றுகொண்டது. கையைத் திருப்பினால் விடுபடும். ஆனால் திருப்ப இடமில்லை. இன்னொரு கையை விட்டு எடுக்கலாம், அதற்கும் வழியில்லை. இருக்கிற ஒரே சந்தை அவருடைய கையே அடைத்துக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, சத்தத்தையே காணும்?" என்றார் தேவஆசீர்வாதம்.

"மச்சினன் கையப் புடிச்சுக்கிட்டான்."

அரைமணி நேரத்தில் தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். கொடைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்த சின்னக்கருப்பன் ஏணியோடு வந்தார். தேங்காய் எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினார்கள். சோப்புத் தண்ணீர் விடச் சொன்னார்கள், விட்டார்கள். கை வழுக்கியது, கயிறு வழுக்கவில்லை. இழுத்து இழுத்து மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது.

"வண்டிய அப்படியே தள்ளிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிருவோமா? சட்டிய பானட்டு மேல வச்சுரலாம்" என்றார் சின்னக்கருப்பன்.

"ஏணிய எடுத்துக்கிட்டு ஓடிரும்வே" என்றார் ஜெயபாண்டி உள்ளேயிருந்து.

பூசாரி சோலைச்சாமியை அழைத்து வந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"காப்பை இப்பவே அவுத்துட்டு, வெளிய வந்ததும் வேற கட்டலாமா சாமி?" என்று கேட்டாள் முத்துச்செல்வி.

"கட்டுறதுதான் நான். சட்டி எறங்குறதுக்கு முன்ன அவுக்க எனக்கு உத்தரவில்ல தாயி. அறுத்தா அறுத்ததுதான். பொழுதுசாய சட்டி எடுக்கணும். நீங்க பாத்து ஒரு முடிவுக்கு வாங்க."

முத்துச்செல்வி வீட்டுக்குள் போய், காய் நறுக்குகிற சின்னக் கத்தியோடு வந்தாள்.

"நகளுங்க. கத்தி உள்ள போவும். நான் அறுத்துருதேன்."

"ஏட்டி, தொடாத."

"கை வீங்குதுங்க. அம்மன் கண்ணில்லாதவளா? அடுத்த வருசம் எடுத்துக்கிடலாம். ஊருக்கு மழை ஒரு வருசம் தள்ளிப் பெய்யட்டும்."

"மழைக்கில்லட்டி" என்றார் ஜெயபாண்டி. தலை பானட்டுக்குள் இருந்ததால் குரல் பாத்திரத்துக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "ஐப்பசியில நீ மஞ்சக்காமாலையில பாளையங்கோட்ட ஆஸ்பத்திரியில கெடந்தல்லா. கண்ணு தொறக்கல. அன்னைக்கு ராத்திரி வராண்டாவுல நின்னு நேந்தேன். அடுத்த வருசம்னு அம்மன்கிட்டச் சொல்ல எனக்குப் பயமா இருக்கு."

முத்துச்செல்வி கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். அப்புறம் அதை முந்தானையில் துடைத்து, பக்கத்துத் திண்டில் வைத்தாள்.

"பொதுவா நேந்தாராம், பொதுவா" என்றாள். பிறகு தேவஆசீர்வாதம் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, பம்பரைக் கழட்டிக்கிடட்டுமா?"

தேவஆசீர்வாதம் பம்பரைப் பார்த்தார். போன மாதம் ஒரு ஆடு அதை உரசிவிட்டுப் போனதற்கு ஆட்டுக்காரரோடு சண்டைக்குப் போனவர் அவர்.

"நாங்களும் மாதா கோயிலுக்கு நேந்துக்கிட்டுப் போறவியதான். நேர்த்தின்னா நேர்த்தி. கழட்டுங்க. கீறாம கழட்டுங்க."

முத்துச்செல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்பு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த விரல்கள். ஸ்பானர் பிடித்ததில்லையே தவிர, அவர் பிடிப்பதை வருடக்கணக்கில் பார்த்தவள். பானட்டுக்குள்ளிருந்து ஜெயபாண்டி சொல்லச் சொல்ல, சக்கரத்துக்குள் இருந்த திருகுகள் வந்தன, மேலே இருந்தவை வந்தன. பிளாஸ்டிக் கிளிப்புகள்தான் வரவில்லை.

"நடுவுல அமுக்கிட்டு இழுக்கணும்."

"அமுக்கினா உள்ள போவுது."

"அப்பம் இழுத்துட்டு அமுக்கு."

"ரெண்டும் சொல்லிட்டிய. மூணாவது ஏதாவது உண்டா?"

ஒரு கிளிப் பட்டென்று உடைந்து சோலைச்சாமியின் காலடியில் விழுந்தது. தேவஆசீர்வாதம் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொன்று எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

"இவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க" என்றாள் முத்துச்செல்வி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "வீட்டுக்குக் கூப்புட்டு, கதவில்லாத அலமாரியில சோத்த வச்சுப் பூட்டி, எடுத்துத் தின்னுலேன்னு சொல்லுதேன்."

"இப்பந்தான் ஒனக்கு மச்சினனத் தெரியுது" என்று உள்ளேயிருந்து சிரித்தார் ஜெயபாண்டி.

"கதவில்லாத அலமாரிய எப்படித் தாயி பூட்டுவ?" என்று சின்னக்கருப்பன் கேட்டார்.

"அவன் படம் வரைஞ்சு தருவான்."

கடைசியில் நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, பம்பர் கழன்று வந்தது. விளக்கின் போல்ட்டுகளை அவிழ்த்து முன்பக்கமாக இழுத்தாள். விளக்கு வந்தது, அதன் பின்னாலேயே ஜெயபாண்டியின் கையும் வந்தது, கையில் விளக்கு ஒரு கண்ணாடிச் சட்டி போலத் தொங்கியது. கூட்டத்தில் யாரோ குலவையிட்டார்கள். முத்துச்செல்வி கம்பியை விலக்கி, மஞ்சள் துண்டை மெதுவாகத் திருப்பி எடுத்தாள். கயிறு பிசிறடித்திருந்தது, எண்ணெயும் சோப்பும் கருப்பு கிரீசுமாக இருந்தது. ஆனால் அறுபடவில்லை. சோலைச்சாமி விரலால் தடவிப் பார்த்து, "முழுசா இருக்கு" என்றார்.

புதுப் பல்பை மாட்டினார்கள். விளக்கைப் போட்டார் தேவஆசீர்வாதம். எரியவில்லை.

முத்துச்செல்விதான் கேட்டாள்.

"மொதல்ல ஃப்யூசைப் பாத்தியளா?"

ஜெயபாண்டி, இவ்வளவு நேரமும் தன் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்த பெட்டியின் மூடியைத் திறந்தார். இடது விளக்கின் ஃப்யூஸ் கருகியிருந்தது. மாற்றினார். பளிச்சென்று எரிந்தது. அது இரண்டு நிமிட வேலைதான். கூட்டத்தில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. முதலில் சிரித்தவரும் கடைசிவரை சிரித்தவரும் ஜெயபாண்டிதான்.

பம்பரை ஒருமாதிரி மாட்டி, போதாத கிளிப்புகளுக்குப் பந்தல் கயிறு கட்டி, தேவஆசீர்வாதத்தை மணியாச்சிக்கு அனுப்பி வைத்தார்கள். ஜெயபாண்டி குளித்து, மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்.

பொழுது சாய்ந்து மேளம் முழங்க, சட்டிகள் கிளம்பின. கையில் வேப்பிலையை வைத்து, அதன்மேல் எரிகிற சட்டியை வைத்தார்கள். வீங்கிய வலதுகை சட்டியின் கனத்தில் தாழ்ந்தது. முத்துச்செல்வி பக்கத்தில் வந்து, அவர் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துக்கொண்டு நடந்தாள். முகத்தில் தீயின் வெளிச்சம் அடித்தது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மெயின் ரோட்டைக் கடக்கும்போது எதிரே ஒரு கார் ஒதுங்கி நின்றது. இரண்டு விளக்கும் எரிந்தன. ஊர்வலத்தைக் கண்டதும் தேவஆசீர்வாதம் விளக்கை அணைத்துவிட்டு, சந்தனமேரியோடு இறங்கி நின்று கைகூப்பினார்.

காரைத் தாண்டும்போது ஜெயபாண்டியின் நடை கொஞ்சம் தளர்ந்தது. உதடு அசைந்தது. அம்மன் பெயரைச் சொல்கிறார் என்று நினைத்து முத்துச்செல்வி காதைக் கொடுத்தாள்.

"எடது பக்கம் பம்பரு ஒரு விரக்கட தூக்கிக்கிட்டு நிக்கி" என்றார்.

"தீயப் பாத்து நடங்க" என்றாள் முத்துச்செல்வி.