அம்மா கயிறு பார்த்த மத்தியானங்கள்

வெள்ளைக்காரர்கள் நாட்டைவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆன பிறகும் கோடைக்கானலை விட்டு முழுதாகப் போகவில்லை. சீசன் வந்தால் மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாகப் பேரிஜம் பக்கம் காட்டுக்குள் கேம்ப் போடப் போவார்கள். கூடாரம், ஸ்டவ், மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கிற துணித்தொட்டில் எல்லாம் அவர்களுக்கு வாடகைக்கு விடுகிற கடை அப்பாவுடையது. தொட்டில் கட்டுகிற வயசா இதுகளுக்கு என்று அத்தை கேட்பார். அப்பாவின் அக்கா அவர். எங்கள் வீட்டில் அடுப்பு முதல் ஆட்கள் வரை அவர் சொல்படிதான் எல்லாம்.

மரப்பட்டையில் உரசித் தொட்டிலின் கயிறு நைந்து வரும். அதைச் சரிசெய்வது அம்மா. தூத்துக்குடியில் கப்பல் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, லீவில் வந்தபோது காட்டிக்கொடுத்த வித்தை அது. நைந்த இடத்தை வெட்டிவிட்டு, முனையின் மூன்று புரிகளையும் பிரித்து, சீவிய மரக்குச்சியால் கயிற்றை நெகிழ்த்தி, ஒவ்வொரு புரியாக உள்ளே செருகி இழுப்பாள். முடிச்சே இருக்காது. முனை எங்கே போயிற்று என்று நான் விரலால் தடவித் தேடி, தோற்றுப்போவேன்.

அதன்பின் கயிறு பார்க்க வேண்டும், ஆள் பாரம் தாங்குகிறதா என்று. கொல்லையில் இரண்டு பேரிக்காய் மரங்களுக்கு நடுவே தொட்டிலைக் கட்டி அம்மா ஏறிப் படுப்பாள். அத்தை உள்ளிருந்து கூப்பிட்டால், "கயிறு முனகுதான்னு கேட்டுக்கிட்டு கெடக்கேன் மதினி, பாதில எந்திரிச்சா புரி எளகிரும்" என்பாள்.

"கண்ணை மூடிக்கிட்டா கயிறு பாப்பாக?" என்று அத்தை அப்பாவிடம் முறையிடுவார்.

"விடுக்கா. அத்து விழுந்து ஒரு புள்ளைக்கு இடுப்பு ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்பார் அப்பா.

தொட்டிலுக்கு வெளியே அம்மாவின் ஒரு பாதம் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அவள் முகம் அவ்வளவு அழகாக இருந்து நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எல்லாம் ஒரே கயிறு, பின்னுகிறதும் ஒரே கை. அப்புறம் ஏன் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு நேரம்? விருந்தாள் வந்த மறுநாள் சாயங்காலம் வரை பார்க்க வேண்டியிருந்தது. அத்தை வத்தலக்குண்டுக்குப் போயிருந்த நாட்களிலோ, ஏறி ஒரு ஆட்டு ஆட்டியதும் அம்மா இறங்கிவிடுவாள். அன்றைக்கெல்லாம் பனி குறைவாக இருந்திருக்கும், கயிறு சீக்கிரம் காய்ந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அடுத்த லீவுக்கு மாமா வந்தார். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட, அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்தவரிடமே கேட்டுவிடலாம் என்று கேட்டேன்.

"மாமா, கப்பல்ல கயிறு பின்னினா எவ்வளவு நேரம் படுத்துப் பாப்பீங்க?"

மாமா சிரித்துவிட்டார். "படுக்கிறதா? நாலு ஆளு சேந்து வெரசா ஒரு இழுப்பு இழுப்போம். அம்புட்டுதான் சோலி!"

அத்தை சோறு பிசைந்த கையை நிறுத்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றபடி தம்பியைப் பார்த்தாள். இனி அந்தத் தொட்டில் கட்டப்படுமா என்பது மாமாவின் வாயில் இருந்தது.

மாமா கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"அது சாமான் தூக்குற கயிறு மச்சான். மனுசர் படுக்கிற கயிறு சங்கதியே வேற. அதுலயும் இந்தக் குளுருக்கு, மத்தியானம் பூராப் படுத்துப் பாத்தாத்தான் நம்பிக் குடுக்கலாம். அக்கா செய்யிறதுதான் சரி."

"நான் சொல்லலியாக்கா?" என்றார் அப்பா. அத்தை மறுபடி சோற்றைப் பிசைந்தார்.

அம்மா குனிந்து, சட்டியில் அப்பாவுக்கென்று ஒதுக்கியிருந்த மீன் தலையை எடுத்து மாமாவின் இலையில் வைத்தாள். எனக்கு அது நியாயமாகவே படவில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்கள்.