ஏரிக்குக் கீழே ஒரு விடுமுறை

கிருஷாந்தியின் வீட்டில் மழைக்காலத்தில் எல்லோரும் செருப்போடுதான் தூங்குவார்கள். கேட்டால் சிரிப்பு வரும். காரணம் தெரிந்தால் வராது.

இலங்கையில், டயகம தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்கு நேர் பின்னால் மலை. அவளுக்குப் பதினாறு வயதில், மழை விடாமல் கொட்டிய ஒரு சாயங்காலம், மலையடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஊறி வந்தது. அப்பா எல்லோரையும் வெளியே விரட்டினார். தம்பி நிரோஷனும் வெளியே வந்துவிட்டான். வந்தவன், தீபாவளிக்கு வாங்கிய புதுச் செருப்பு உள்ளே இருக்கிறதே என்று திரும்பி ஓடினான். அதற்குள் மண் சரிந்து வந்து வீட்டை மூடிவிட்டது.

அதற்குப் பிறகு வானம் கறுத்தால் போதும், அம்மா மீனம்மா எல்லோர் காலிலும் செருப்பை மாட்டிவிட்டுத்தான் பாயில் படுக்க விடுவாள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கதவோரம் ஒரு பையில் தொங்கும். கிருஷாந்திக்குக் கல்யாணமாகி, தர்ஷிகா பிறந்து, புருஷன் தரணிதரன் வேலைக்கு நெதர்லாந்து போன பிறகும் அதே தோட்டம், அதே பழக்கம். ஒருநாள் இடி இடித்ததும் நாலு வயதுப் பிள்ளை தானாகவே செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, மாட்டிவிடச் சொல்லிக் காலை நீட்டியது. என் பயம் என்னோடு போகட்டும், இந்தப் பிள்ளைக்கு ஒட்டவே கூடாது என்று கிருஷாந்தி அன்றைக்கே முடிவு கட்டினாள். விசா கிடைத்ததும் அம்மாவைக் கந்தப்பளையில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறினாள்.

இறங்கிப் பார்த்தால் மலையே இல்லாத நாடு. கண்ணுக்கு எட்டிய தூரம் தரை தட்டையாகக் கிடந்தது. அவள் அழுதாளாம், சந்தோஷத்தில்.

தரணிதரன் ஹட்டன் கடைவீதியில் வளர்ந்தவன். வாய் ஓயாது. பெண்டாட்டி பிள்ளைக்கு ஊர் காட்டுவதில் அவனுக்கு அப்படி ஒரு பைத்தியம். லீவு வந்தால் காற்றாலை பார்க்கப் போவார்கள், கால்வாயில் படகு ஏறுவார்கள், வீடெல்லாம் முழங்கால் உயரத்தில் இருக்கிற பொம்மை நகரத்தைச் சுற்றுவார்கள். டியூலிப் பூந்தோட்டத்தில் கிருஷாந்தி, தேயிலை நிரைபோல் நீண்ட வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்று, "இதெல்லாம் எத்தன பேரு நெரை புடிச்சுப் பறிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"இது பறிக்கிறதுக்கு இல்ல, பாக்குறதுக்கு," என்று சிரித்தான் அவன்.

சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கும் எல்லாம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் போகிற இடமெல்லாம் கடவுச்சீட்டும் சான்றிதழும் வைத்த பையும் கூடவே வரும். "என்னா, ஊரக் காலி பண்ணிட்டா போறோம்?" என்று அவன் கிண்டல் செய்வான். "இருக்கட்டும்ங்க," என்பாள்.

இலையுதிர்கால லீவுக்கு ஒரு ஏரிக்கரையில் மரவீடு எடுத்தார்கள். பிள்ளைகள் சறுக்கி விளையாட இடம், முயல் கூண்டு, எல்லாம் உண்டு. வீட்டுக்குப் பின்னால் புல் முளைத்த உயரமான கரை ஒன்று நீளமாகப் போனது. அதில் ஆடுகள் மேய்ந்தன.

"என்னாங்க இது, மேடு?"

"மேடு இல்ல, அணை. அந்தப் பக்கம் ஏரி. நாம இப்ப தண்ணி மட்டத்துக்குக் கீழ நிக்கிறோம், தெரியுமா?" தானே கட்டினதுபோல் அவனுக்குப் பெருமை.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, கரைக்கு மேலே ஒரு பாய்மரப் படகு போனது. வீட்டுக் கூரையைவிட உயரத்தில், ஆடுகளுக்கும் மேலே, அசைந்து அசைந்து போனது. தர்ஷிகா கைதட்டினாள். கிருஷாந்தி பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மலைக்குப் பயந்து ஓடி வந்தவளை மறுபடியும் ஒரு மண்மேட்டுக்குக் கீழேயே கொண்டு வந்து படுக்க வைத்துவிட்டானே இந்த மனுசன். அதுவும் தண்ணீரை முட்டுக்கொடுத்து நிற்கிற மண்ணுக்குக் கீழே.

வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பிள்ளை முயலுக்குப் புல் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. இருட்டியதும் மழை பிடித்தது. புருஷனும் பிள்ளையும் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து, போர்வைக்குள் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு விடியும்வரை முழித்துக் கிடந்தாள்.

விடிந்ததும் பின்கதவைத் திறந்தாள். கரையின் அடியில் புல்லுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

அப்புறம் அவள் எதையும் யோசிக்கவில்லை. தரணிதரன் ரொட்டி வாங்கப் போயிருந்தான். பையை ஒரு கையிலும் பிள்ளையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினாள். மண் சரிந்தால் மேலேயும் ஓடக் கூடாது, கீழேயும் ஓடக் கூடாது, குறுக்கேதான் ஓட வேண்டும். தோட்டத்தில் அதுதான் சொல்லிக்கொடுப்பார்கள். குறுக்கே ஓடினாள். "ஓடுங்க, மண்ணு வருது, ஓடுங்க," என்று வழியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களைப் பார்த்துத் தமிழில் கத்தினாள். பிள்ளை அழவில்லை, ஏன் என்று கேட்கவில்லை, அம்மாவுக்குச் சமமாக ஓடி வந்தது.

ஒரு கால்வாய் குறுக்கிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே தட்டைத் தரை. தண்ணீர் வந்தால் ஏறி நிற்க ஒரு பாறைகூட இல்லாத நாட்டில் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

தரணிதரன் சைக்கிளில் வந்தான். பின்னால் அந்த விடுமுறைப் பூங்காவில் வேலை செய்கிற பெண்ணும் வந்தாள். "மானத்த வாங்கிட்டியே கிருஷாந்தி," என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கிட்டே வந்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. திரும்பக் கூட்டிக்கொண்டு போய், கசிந்த தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிக் காட்டிப் பேசினாள்.

"இங்க எப்பவும் இப்புடித்தான் கசியுமாம்," என்று தரணிதரன் தமிழில் சொன்னான். "வாய்க்கால்ல விட்டு மெசின் போட்டு எறச்சிருவாங்களாம். பாரு, தெளிவா இருக்கு. கலங்கி மண்ணோட வந்தா அவங்களும் ஓடுவாங்களாம். அதுக்குன்னே மழை நேரத்துல கரைமேல நடந்து பாக்குறவங்க இருக்காங்களாம்."

கிருஷாந்தி குனிந்து பார்த்தாள். கண்ணாடித் தண்ணீர். டயகமவில் அன்றைக்கு வந்தது சேறு. அது அவளுக்குத் தெரியாதா என்ன? பயத்தில் கண் அதைப் பார்க்கவே இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. தரணிதரன் அவள் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

மத்தியானம் சாப்பிட்டதும் பிள்ளையைப் படுக்க வைத்தாள். போர்வையை இழுத்துவிடும்போது கையில் ஏதோ தட்டியது. விலக்கிப் பார்த்தாள். இரண்டு காலிலும் சப்பாத்து, பட்டி இறுக்கி மாட்டியிருந்தது.

"என்னா பாப்பா இது?"

"நீங்களும் ராத்திரி போட்டுருந்தீங்களே," என்றாள் தர்ஷிகா. பிறகு மெதுவாக, "நிரோ மாமா செருப்பெடுக்கத்தானே உள்ள போனாங்க? நான் போக மாட்டேன் அம்மா."

நிரோஷனைப் பற்றி அவள் பிள்ளையிடம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. மீனம்மா சொல்லியிருப்பாள், அல்லது லயத்தில் யாரோ. எந்தப் பயம் ஒட்டக் கூடாது என்று கடல் தாண்டி வந்தாளோ, அது பட்டி இறுக்கி மாட்டிக்கொண்டு படுத்திருந்தது.

கிருஷாந்தி கட்டிலில் உட்கார்ந்து முதலில் தன் சப்பாத்தைக் கழற்றினாள். கதவோரம் கொண்டு போய் வைத்தாள். திரும்பி வந்து பிள்ளையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். தர்ஷிகா ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தாள்.

"தண்ணி வந்தா?"

"ஒன்னயத் தூக்கிட்டு ஓடுவேன்."

"சப்பாத்து?"

"கெடக்கட்டும்," என்றாள் கிருஷாந்தி. ஜன்னலில் தெரிந்த கரையை அவளும் ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் பட்டியைப் பிரித்தாள்.